சிக்கரி கலக்காத நூல்

கௌசல்யாவின் பூஞ்சை அன்று காலையும் தொட்டியில் போட்டதை எல்லாம் சுத்தமாகத் தின்று தீர்த்திருந்தது. அதைப் பார்த்த தரணிதரனுக்கு வயிறு எரிந்தது. பக்கத்துத் தொட்டியில் இருந்த அவனுடைய பூஞ்சையோ, சம்பந்தி வீட்டில் முறைத்துக்கொண்ட பெரியவர் மாதிரி, பரிமாறியதைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தது.

இரண்டுக்கும் பரிமாறியது ஒன்றுதான்: டிக்காஷன் இறக்கிய பிறகு ஃபில்டரில் மிஞ்சும் காப்பிச் சக்கை. வீடுகளில் அதைக் குப்பையில் தட்டுவார்கள்; மிஞ்சிப்போனால் ரோஜாச் செடிக்குப் போடுவார்கள். கோயம்புத்தூர் பீளமேட்டில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், அந்தச் சக்கையைத் தின்று மெல்லிய நாராக வளரும் ஒரு பூஞ்சையைக் கண்டுபிடித்திருந்தார்கள். நாரை உருவி, அலசி, முறுக்கினால் நூல். பெட்ரோலிலிருந்து செய்யும் துணியை ஒவ்வொரு நாடாகத் தடை செய்துகொண்டிருந்த காலம் அது. திருப்பூரின் பனியன் எந்திரங்கள் நூல் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இந்த நூலோ பிறக்கும்போதே காப்பி நிறத்தோடு பிறந்தது. சாயம் போட வேண்டாம், சாயத் தண்ணீரை நொய்யலில் விடவும் வேண்டாம்.

கண்டுபிடித்தவர்கள் தரணிதரனும் அவன் மனைவி கௌசல்யாவும். சேர்ந்துதான் கண்டுபிடித்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு வகையைப் பிரித்து வளர்த்தார்கள். அப்போது அது விளையாட்டுப் போட்டியாகத்தான் இருந்தது. யாருடையது ஜெயித்தாலும் வீட்டுக்குத்தானே வருகிறது என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். கௌசல்யாவின் வகை கொஞ்சம் முந்தத் தொடங்கியதும் அந்தப் பேச்சு அவன் வாயில் கசந்தது. ஒரு விழாவில் மேடையில் நின்றவர் அவனை, "மேடத்தோட வீட்டுக்காரர். அவரும் இதே துறைதான்" என்று அறிமுகம் செய்தார். கைதட்டினார்கள். தரணிதரன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான். என்னவென்று கேட்ட கௌசல்யாவிடம் அஜீரணம் என்று சொன்னான்.

பணம் போட்டவர் அர்த்தநாரி. திருப்பூரில் மூன்று தலைமுறை மில்காரர். பூஞ்சைக்கும் காளானுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்; ஆனால் நூலை விரலில் உருட்டினால் அது எத்தனை துவைப்புத் தாங்கும் என்று சொல்லிவிடுவார். இரண்டு பூஞ்சையையும் ஒரு கடைசிச் சோதனை பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும், அதற்கு சூலூரில் பெரிய ஆலை கட்டித் தருவதாகவும் அவர் சொன்னார்.

அந்தக் கடைசிச் சோதனை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தரணிதரன் அந்தக் காரியத்தைச் செய்தான். பெரிய சூரத்தனம் எல்லாம் தேவைப்படவில்லை. கடையில் ஒரு டப்பா சிக்கரித்தூள் வாங்கினான். வெந்நீர் ஊற்றி வடித்தான், சக்கையை உலர்த்தினான். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த மதிய வேளையில் கௌசல்யாவின் தொட்டிக்குப் போகும் காப்பிச் சக்கையில் அதைக் கொட்டிக் கிளறினான். நிறம் கொஞ்சமும் மாறவில்லை.

சிக்கரி பட்டால் பூஞ்சை செத்துவிடும் என்பது அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. அவர்கள் எல்லோரும் காப்பி குடித்து வளர்ந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். சிக்கரி என்றால் கலப்படம், கலப்படம் என்றால் கெடுதல், அவ்வளவுதான் அவர்கள் வைத்திருந்த ஆதாரம். ஆய்வுக்கான சக்கையைக்கூட, கொட்டையை நேராக அரைத்து எந்திரத்தில் இறக்கும் பெரிய வணிக வளாகத்துக் கடையிலிருந்துதான் வரவழைத்தார்கள். ஊர்ச் சக்கையை நம்ப முடியாதாம்.

தொட்டி நாறப்போகிறது என்று தரணிதரன் காத்திருந்தான். திறந்தபோது எல்லோருடைய வாயும் பிளந்தது. அவ்வளவு நீளமான நாரை யாரும் அதுவரை பார்த்ததில்லை. பட்டு மாதிரி மினுங்கியது. அர்த்தநாரி அதில் பின்னிய பனியனை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், முழங்காலில் மாட்டி இழுத்தார், டிரைவரைக் கூப்பிட்டு மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி இழுத்தார்.

"ஏனுங்க மேடம், இது கிழியவே மாட்டேங்குதுங்களே" என்றார்.

கௌசல்யா சிரித்தாள். எல்லோரும் கைகொடுத்தார்கள். தரணிதரனும் கொடுத்தான். அந்த நூலுக்குக் கௌசி நூல் என்று அர்த்தநாரி அங்கேயே பெயர் வைத்தார். தன் கையால் கொட்டிய விஷம் அவளுக்குப் பால்பாயசம் ஆகிவிட்டதை தரணிதரன் நின்று பார்த்தான். யாரிடம் போய் அழுவான்? ஜெயித்தது என் சிக்கரி என்று சொன்னால், அதை ஏன் கொட்டினாய் என்று கேட்பார்களே.

ஒரே ஒரு நம்பிக்கை அவனுக்கு மிச்சமிருந்தது. சூலூர் ஆலைக்கான விதிகளைக் கௌசல்யாவே எழுதினாள். அதில் முதல் விதி, சிக்கரி கலந்த சக்கையை ஆலைக்குள் விடக்கூடாது என்பது. அதைப் படித்ததும் அவனுக்கு உடம்பு லேசானது. பாவம், அவளுக்குத் தெரியவில்லை. சுத்தச் சக்கையைப் போடுவாள், நூல் இற்றுப்போகும், ஆலை மூச்சுவிடும் முன்பே படுக்கும். அப்போது யார் அவளை மேடம் என்று கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆலை படுக்கவில்லை. ஆலை அமர்த்திய அக்காமார்கள் வீடு வீடாக, மெஸ் மெஸ்ஸாகப் போய்ச் சக்கை வாங்கிவந்தார்கள். "சிக்கரி கலப்பீங்களா?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும், எங்கள் வீட்டிலா, நல்லாக் கேட்டீங்க போங்க என்று பதில் வந்தது. நூலும் வண்டி வண்டியாக வந்துகொண்டே இருந்தது, முதல் நாள் கண்ட அதே மினுக்கத்தோடு. சோமனூர்ப் பக்கம் சும்மா கிடந்த தறிகள் மறுபடி ஓடின. கௌசல்யா டெல்லிக்குப் போய்ப் பதக்கம் வாங்கினாள். தரணிதரன் விமான நிலையத்துக்குப் போய் அவள் பெட்டியைத் தூக்கிவந்தான்.

சுத்தக் காப்பியில் எப்படி இந்த நூல் வருகிறது என்ற கேள்வி அவனைத் தூங்கவிடவில்லை. விடை ஒரு சனிக்கிழமை, காப்பித்தூள் கடை வரிசையில் கிடைத்தது. வீட்டுக்குத் தூள் வாங்குவது எப்போதும் கௌசல்யா. அவள் மறுபடியும் டெல்லி போயிருந்ததால் அன்று அவன் வந்திருந்தான். அவனுக்கு முன்னால் நின்றவர் ராக்கியண்ணன். காந்திபுரத்தில் மெஸ் வைத்திருப்பவர். "சிக்கரி கலக்காத சுத்தமான காபி" என்று ஆள் உயரத்துக்குப் பலகை தொங்கவிட்டிருப்பவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிளாண்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு, வயிற்றுக்கு நேரே கையைத் தாழ்த்தி மூன்று விரலைக் காட்டினார். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்து டின்னிலிருந்து சிக்கரியை அள்ளிப் போட்டு அரைத்தார்.

அடுத்து வந்த அம்மா இரண்டு விரல் காட்டினார். அவருக்கு அடுத்தவர், கழுத்தில் ருத்திராட்சம் போட்ட ஓய்வுபெற்ற நீதிபதி, மேலும் கீழும் பார்த்துவிட்டு நான்கு விரல் காட்டினார். தரணிதரனின் முறை வந்தபோது கடைக்காரர் அவன் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவன் ஒன்றும் காட்டாததைப் பார்த்து, மேடம் வழக்கமாக ரெண்டு போடுவாங்களே என்று தாழ்ந்த குரலில் நினைவுபடுத்தினார்.

தரணிதரன் தெருவில் நின்று சிரித்தான். வெகு காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஆக, ஊர் முழுக்கப் பொய் சொல்கிறது. அந்தப் பொய்தான் ஆலைத் தொட்டியில் விழுந்து கௌசி நூலாக மினுங்குகிறது. தன் வீட்டிலும் அதே கதை. கல்யாணமான நாளிலிருந்து சுத்தக் காப்பி என்று நினைத்து அவன் சப்புக்கொட்டிக் குடித்ததும் சிக்கரிதான். மனைவியின் பெயருக்கும் பதக்கத்துக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தான். அந்த நினைப்பை நாக்கின் அடியில் மிட்டாய் மாதிரி அடக்கிக்கொண்டு நடந்தான்.

பிறகு மூக்கு வண்டி வந்தது. வெளிநாட்டு வியாபாரிகள், சட்டைச் சீட்டில் நூற்றுக்கு நூறு தூய காப்பி என்று அச்சடித்தால் இன்னும் நல்ல விலை தருவதாகச் சொன்னார்கள். அதற்கு ஆதாரம் வேண்டும். மோப்பம் பிடிக்கும் கருவி பொருத்திய, ஆள் இல்லாமல் தானே ஓடும் வண்டிகளைத் தெருவில் விடலாம் என்று அர்த்தநாரி யோசனை சொன்னார். கூட்டத்தில் கௌசல்யா தயங்கினாள். ஜனங்கள் சங்கடப்படுவார்கள், இதெல்லாம் வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாள். அவள் ஒன்றை வேண்டாம் என்றதே தரணிதரனுக்குப் போதுமானதாக இருந்தது.

"மேடம் எழுதின விதிதானுங்க சார். அதை நெஜமாவே நடத்தோணும்னா வண்டி வேணும்" என்றான்.

கௌசல்யா அவனைத் திரும்பிப் பார்த்தாள். மறுத்துப் பேசவில்லை. அவளால் ஏன் பேச முடியவில்லை என்று அவன் யோசிக்கவில்லை. வாயடைத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இருந்தான்.

வண்டி வாசலில் வந்து நிற்கும். சக்கையை அதன் தட்டில் கொட்ட வேண்டும். நல்ல சக்கை என்றால் பச்சை விளக்கு. இல்லையென்றால் சிவப்பு எரிந்து, ஒரு பெண்குரல் தெருவுக்கே கேட்கும்படி, மிக மரியாதையாக, "இதில் சிக்கரி கலந்துள்ளது. ஏற்க இயலாது. நன்றி" என்று சொல்லும். முதல் நாள் தெருவெல்லாம் அந்த நன்றிதான் கேட்டது. யார் வீட்டில் சிவப்பு, யார் வீட்டில் பச்சை என்பது தெருவில் பேச்சாகிவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில், உங்கள் வீட்டு வாசலில் என்ன விளக்கு எரிகிறது என்று கேட்டார்கள். சுத்தக் காப்பி என்று மருமகளிடம் வருடக்கணக்கில் பீற்றிய மாமியார்கள் வண்டிச் சத்தம் கேட்டால் கொல்லைப் பக்கம் போய்விட்டார்கள். சிலர் பயந்து சுத்தத் தூளுக்கு மாறினார்கள். அது பிடிக்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். வண்டி தரணிதரன் வீட்டு வாசலிலும் சிவப்பு காட்டியது. கண்டுபிடித்த மேடம் வீட்டிலேயா என்று தெரு கைகொட்டிச் சிரித்தது. கௌசல்யா சக்கையைத் திரும்ப அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவனுக்கு அது இனிக்கத்தான் செய்தது.

ஆலைக்கு இப்போது உண்மையாகவே சுத்தச் சக்கை வந்தது. நூல் இற்றது. திருப்பூரில் எந்திரங்கள் நிமிடத்துக்கு ஒருமுறை நின்றன. போன சட்டைகள் கப்பலில் திரும்பி வந்தன. சூலூரில் நார் உருவும் பெண்கள், நாளைக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ஆலை வாசலில் நின்றார்கள். இந்த மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் ஆலையை மூடுவதைத் தவிர வழியில்லை என்று அர்த்தநாரி சொல்லிவிட்டார். கௌசல்யா இளைத்துப்போனாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள். தூங்கவே இல்லை.

தரணிதரன் எதிர்பார்த்த நாள் இதுதான். வந்த பிறகு அது அவன் நினைத்த அளவு ருசிக்கவில்லை. வீட்டுச் சமையல் அறையில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் காப்பி குடிக்க ராக்கியண்ணன் மெஸ்ஸுக்குப் போனான். பலகையைக் காணோம். ஆணி மட்டும் இருந்தது. காப்பி இல்லை, டீதான் என்று சொன்ன ராக்கியண்ணன், ஆளில்லாத மெஸ்ஸில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நாலு டேபிள் ஜனம் பாத்திட்டிருக்கையில சிவப்பு எரிஞ்சுதுங்க. எங்கப்பா காலத்துல இருந்து வரவங்க. ஒருத்தரு அப்படியே டம்ளரை வெச்சுட்டு எந்திரிச்சுப் போனாருங்க" என்றார். "இத்தனை வருசம் நல்லாருக்குன்னு குடிச்சாங்க. நல்லாருந்தது காப்பி இல்லீங்களாமா, பொய்யாமா. சிக்கரி இல்லாம டிக்காஷன் திக்கா எறங்குமாங்க? அதென்ன வெசமா?"

விஷம் இல்லை என்று தரணிதரன் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிடத்தில்தான் அவனுக்கு வழி தெரிந்தது. இரக்கத்தால் தெரிந்த வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆலை மூடினால் கௌசல்யா தோற்பாள், அவ்வளவுதான்; அவன் ஜெயிக்க மாட்டான். ஆலையைக் காப்பாற்றும் சூத்திரத்தை அவனே கண்டுபிடித்ததாகச் சொன்னால்? தொட்டியில் கொட்டியதைப் பற்றி ஏன் பேச வேண்டும்? காப்பித்தூள் கடை வரிசையில் நின்று, ஊரைப் பார்த்து, யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லலாம். அவளால் முடியாததை அவள் வீட்டுக்காரன் செய்தான் என்று ஆகிவிடும்.

அர்த்தநாரியிடம் அவன் அழகாகவே சொன்னான். கௌசல்யாவும் அந்த அறையில்தான் இருந்தாள்.

"காப்பிச் சக்கை பூஞ்சைக்கு வெறுஞ்சோறுங்க சார். சிக்கரி ஒரு கெழங்கு. அதுல பூஞ்சைக்குப் புடிச்ச ஒருவித மாவுச்சத்து இருக்குது. அது சோத்துக்குக் குழம்பு மாதிரி. ஊரு ஏமாத்தின வரைக்கும் குழம்பு கெடச்சுது, நூலு வந்துச்சு. நாம வண்டி உட்டுக் குழம்பை நிறுத்திப்போட்டோம்."

அர்த்தநாரி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கே வண்டிகளை நிறுத்தச் சொன்னார். பிறகு, வியாபாரிக்கே உரிய புத்தியோடு, சிக்கரி போட்டு ஒரு தொட்டியை மட்டும் பார்ப்பானேன், சார் வளர்த்த பூஞ்சை ஆய்வுக்கூடத்தில் சும்மாதானே கிடக்கிறது, அதற்கும் போட்டுப் பாருங்கள் என்றார்.

"ரெண்டுலயுமா?" என்று கௌசல்யா கேட்டாள். அவள் குரல் நடுங்கியது. அவளுக்குத் தன்னைக் கண்டு பயம் வந்துவிட்டது என்று தரணிதரன் எடுத்துக்கொண்டான். அது அவனுக்குப் பிடித்திருந்தது.

தொட்டிகளைத் திறந்த நாளில் ஆலையின் பெரிய கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நார் உருவும் பெண்கள்கூட வந்து ஓரமாக நின்றார்கள். கௌசல்யாவின் தொட்டியில் பழைய நூல் திரும்பி வந்திருந்தது. பெண்கள் பெருமூச்சு விட்டார்கள், வேலை போகாது. பிறகு தரணிதரனின் தொட்டியைத் திறந்தார்கள். இத்தனை காலம் சோற்றைத் தொடாமல் கோபித்துக்கொண்டு கிடந்த அவனுடைய பூஞ்சை, குழம்பு விழுந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. நார் ஆள் நீளத்துக்கு வந்தது. அர்த்தநாரி ஒரு இழையை எடுத்து விரலில் உருட்டினார், மறுபடி உருட்டினார். அவருடைய கண் கலங்கியது. இது கௌசி நூலை விட இரண்டு மடங்கு தாங்கும் என்றார். இதற்குத் தரணி நூல் என்று பெயர் என்றார். ஆலையின் பொறுப்பு இனி அவனுக்கு என்றும் சொன்னார்.

எல்லோரும் கைதட்டினார்கள். தரணிதரன் முதலில் கௌசல்யாவின் முகத்தைத்தான் தேடினான். அந்த முகம் எரிவதைப் பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றாள். "இவரு பூஞ்சைதான் ஜெயிக்கும்னு எனக்கு முன்னாலேயே தெரியும்."

அவள் நிதானமாகப் பேசினாள். முதலில் ஜெயித்த அவளுடைய தொட்டியில் நூல் ஏன் அப்படி வந்தது என்று அவளுக்கே புரியவில்லையாம். மிச்சச் சக்கையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாளாம். காப்பியின் துகள் ஒருவிதம், சிக்கரியின் துகள் வேறுவிதம், பார்த்தால் தெரிந்துவிடும். அதன் பிறகு யாருக்கும் தெரியாமல் இரண்டு பூஞ்சைக்கும் கொஞ்சம் கொஞ்சம் சிக்கரி போட்டுப் பார்த்தாளாம். தரணிதரனுடையது அவளுடையதை எங்கேயோ விட்டுவிட்டு ஓடியதாம்.

"அதைத்தான் நான் யாருகிட்டயும் சொல்லல. சிக்கரி கூடாதுன்னு விதியே எழுதினேன். வேற யாரும் போட்டுப் பாத்துறக் கூடாதுன்னுதான்."

அப்படியானால் ஆலை எப்படி ஓடும் என்று நினைத்தீர்கள் என்று அர்த்தநாரி கேட்டார். ஊர் எப்படிக் காப்பி குடிக்கும் என்று தனக்குத் தெரியும், தன் அம்மா வீட்டிலேயே கலப்பார்கள், விதி காகிதத்தில் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டதாகச் சொன்னாள். வண்டி விடுவார்கள் என்று நினைக்கவில்லை. விட்ட பிறகும், ஊர் வாசல் வாசலாக அவமானப்பட்டபோதும், இந்தப் பெண்கள் ஆலை வாசலில் நின்றபோதும், வாயைத் திறக்க மனம் வரவில்லை என்றாள்.

"ஏம்மா? சொல்லியிருந்தா உங்க வீட்டுக்காரருக்குத்தானே பேரு?" என்றார் அர்த்தநாரி.

"அதனாலதானுங்க சொல்லல. பொறாமைதான். வேறென்ன" என்றாள்.

தரணிதரன் அவளையே பார்த்தான். அவளா? தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவனைப் பார்த்து, பதக்கம் கழுத்தில் தொங்க, அவளா பொறாமைப்பட்டாள்? இத்தனை நாள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே வியாதியோடுதான் இட்லி சாப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. முதல் முறையாக, அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அப்போது அர்த்தநாரி தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "செரி. அந்த மொதல் தொட்டிக்குச் சிக்கரி எப்படி வந்துச்சு?"

கௌசல்யா திரும்பினாள். தரணிதரனைப் பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வை இல்லை அது. பேருந்தில் இடம் பிடித்து வைத்துவிட்டு, வா என்று கூப்பிடும் பார்வை. கூடம் முழுவதும் அவன் வாயைப் பார்த்தது. நார் உருவும் பெண்கள் பார்த்தார்கள். தரணி நூல் என்று பெயர் வைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

"கடையில இருந்து வந்த சக்கையிலயே எப்படியோ கலந்திருக்கும் சார்" என்றான்.

கௌசல்யா தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு அவனைப் பார்க்கவில்லை.

அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கௌசல்யா வேலையை விட்டுப் போக வேண்டாம் என்று அர்த்தநாரி சொன்னார். ஆனால் விடத்தான் போவதாக அவள் சொல்லிவிட்டாள். பாராட்டெல்லாம் முடிந்து அவன் தேடியபோது அவளைக் காணோம். காந்திபுரத்துக்குப் போயிருப்பதாக ஒரு பெண் சொன்னாள். தானே ஓடும் காரில் ஏறி, அங்கே போகச் சொன்னான்.

ராக்கியண்ணன் மெஸ்ஸில் விளக்குப் போட்டிருந்தார்கள். கௌசல்யா உள்ளே உட்கார்ந்து ஆவலாகத் தோசை தின்றுகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் ராக்கியண்ணன் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க சார். மேடம் எல்லாஞ் சொன்னாங்க" என்றார்.

தரணிதரன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ஆனால் ராக்கியண்ணனின் முகத்தில் மரியாதைதான் இருந்தது. மேடம் வந்து தப்புத் தன்னுடையது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள், சிக்கரி இல்லாவிட்டால் இந்த நூலே இல்லை என்று சொன்னார்கள், அவர்கள் பொறாமைப்பட்ட கதையையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள், இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அவளுடையதை மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். காப்பி போடுகிறேன் என்று சொல்லி அவர் உள்ளே போனதும், தரணிதரன் எதிரே உட்கார்ந்தான்.

"உனக்குத் தெரியுமா? கலந்தது யாருன்னு?"

"சிக்கரி டப்பாவை நம்ம வீட்டுக் குப்பையிலதான் போட்டிருந்தீங்க" என்றாள், தோசையைப் பிய்த்துக்கொண்டே.

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா நான் கண்டுபிடிச்சதையும் சொல்லோணும்ல. ரெண்டு பேருக்கும் வாய் கட்டிப்போச்சு."

"இன்னைக்கு ஏன் சொல்லல?"

"என்னோடதைச் சொல்லிட்டேன். உங்களோடதை நீங்கதாங்க சொல்லோணும்."

ராக்கியண்ணன் நுரை ததும்பும் டம்ளரை அவன் முன்னால் வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அவன் சொல்லப்போவதைக் கேட்க நின்றார். சொல்லிவிட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆள் ஒருவர்தான், நல்ல மனுஷர், மன்னித்தும்விடுவார். கௌசல்யா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். தரணிதரன் ஒரு வாய் குடித்தான்.

"காப்பி நல்லாருக்குங்க" என்றான்.

ராக்கியண்ணனுக்குப் பரம சந்தோஷம். கௌசல்யா கை கழுவ எழுந்துபோனாள்.

திரும்பும் வழியில் கார் தன்பாட்டில் அவினாசி சாலையில் ஓடியது. கொடிசியா கண்காட்சி வளாகத்தைத் தாண்டும் முன்பே அவள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். வேலை இல்லை, பெயர் இல்லை, பதக்கத்தையும் திருப்பிக் கேட்பார்களோ என்னவோ. வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரித் தூங்கினாள். எத்தனையோ மாதமாக அவள் இப்படித் தூங்கி அவன் பார்த்ததில்லை. அவன் தோளில் பொன்னாடை இருந்தது. ஆலை அவனுடையது, நூல் அவனுடையது. நாளைக் காலை எல்லாப் பத்திரிகையிலும் அவன் படம் வரும். வீடு வரும் வரைக்கும் அவன் அவளையே பார்த்துக்கொண்டு வந்தான். அவனுக்குப் பொறாமையாக இருந்தது.